கக்கத்துத் தையல்

பெட்டி சென்னை விமான நிலையத்தோடு நின்றுவிட்டதாம்.
நேற்று மதியம் நெல்லித்தோப்பில்
என் கடை வாசலில் ஆட்டோவை நிறுத்தி இறங்கினார் எத்தியேன்.
நாளை இரவுக்குள் ஒரு கறுப்புக் கோட்டு.

அளவெடுக்கையில் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றார்.
அந்தக் கை என்ன வேலை செய்யும் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது பால்கனியில், ஓசி டிக்கெட்டில்.
அறுபது பேர் அவர் குச்சியைப் பார்க்கிறார்கள்.
நான் வலது கக்கத்தை.
டிரம்பெட் எழும்போதெல்லாம் கை மேலே போகிறது,
கூடவே என் அடிவயிறும்.
அரை அங்குலம் கூட விட்டிருக்கலாமே, பாவி.

பிறகு யூஜினி வந்தாள், முத்தியால்பேட்டைப் பெண்.
கையில்லாத கவுன். கொடுத்துவைத்தவள் அவள் தையல்காரி.
வயலினில் முகவாயைப் பதித்தாள்.
வில் நரம்பைத் தொடுமுன்
ஊசிக்காதில் நூல் நுழையும் நேரத்துக்கு
மொத்தக் கூடமும் மூச்சைப் பிடித்தது.

அப்புறம் நடந்ததைச் சொல்லத் தெரியவில்லை.
பக்கத்து நாற்காலிக்காரர் என் தோளைத் தொட்டார்,
எல்லோரும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவளைக் காட்டி அவர் கையை உயர்த்த
நாலு விரற்கடைக்கு
உள்ளிருந்த வெள்ளைச் சட்டை தெரிந்தது.

முப்பது வருஷத்தில்
துணி கிழிகிற சத்தம்
ஒருநாளும் எனக்குத் தப்பியதில்லை.