சந்தாப் புத்தகம்

அங்கத்துவ இலக்கம் நாற்பத்தொன்று:
ம. செபமாலை, ஏழாம் கேங், மூடை இறக்குபவர்.
முதல் சந்தா இரண்டு ரூபாய்.
பற்றுச்சீட்டை எழுதியவன் நான்.
மழைநாள். கொக்கியைக் கழற்றாமலே கையொப்பம் வைத்தார்,
தாளில் அந்தத் துருக்கறை இன்னமும் இருக்கிறது.

அந்த நாளில் கோதுமைத் தூசு படிந்து
உதுமாலெவ்வையும் ஹேமபாலவும் நானும்
ஒரே நிறத்தில் வீடு திரும்புவோம்.

உதுமாலெவ்வை கப்பலின் அடித்தட்டில் விழுந்து செத்த அன்று
"வேலை நடக்கட்டும்" என்றான் கங்காணி.
செபமாலை, தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல
மூடையைக் கீழே வைத்தார்.
பின்னாலே முந்நூறு மூடைகள் இறங்கின.

பத்தொன்பது நாள்.
வாயிலுக்கு முன்னால் மரவள்ளி அவித்தோம்.
கிண்ணியாப் பாதையில் கீரிமீன் வந்தது.
கந்தளாயிலிருந்து ஹேமபாலவின் மச்சான்
ஒரு சாக்கு அரிசி அனுப்பினான்.
சுவரொட்டிக்கு மாப்பசை காய்ச்சினோம்;
இரவில் மான்கள் வந்து கோரிக்கைகளைத் தின்றுவிட்டன.
"மூன்றாவதை மட்டும் விட்டிருக்குது,
அதுக்கும் அது நியாயமாப் படேல்லப் போல"
என்று சிரித்தார்.
தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் முடிப்பார்.
எந்த இடத்தில் மொழி மாறியதென்று
ஒருவரும் கவனித்ததில்லை.

உதுமாலெவ்வை வீட்டுக்குக் கொடுக்கச்
சங்கத்தில் பன்னிரண்டு ரூபாய்தான் இருந்தது.
மரண உதவி நிதி அப்படித்தான் பிறந்தது.
அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.
விதி பதினான்கு:
நிலுவைச் சந்தா நிதியிலிருந்து கழிக்கப்படும்.
"எவராக இருந்தாலும் எண்டு சேர்" என்றார்.

பிறகு கட்சிக்காரர்கள் வந்தார்கள்.
சங்க மேசையில் மாவட்ட வரைபடத்தை விரித்தார்கள்.
கேங் கேங்காக ஆளெண்ணிப் பழகியவர்
ஊர் ஊராக எண்ணத் தொடங்கினார்:
இது எங்கட, இது அவையின்ர, இது பாதி.
தேநீர் கொண்டுவந்து வைத்தான் ஹேமபால.
அவனுடைய ஊரை
விரல் தொடாமல் தாண்டிப் போனது.
அவன் குடிக்காத கோப்பைகளையும் சேர்த்து
எடுத்துக்கொண்டு போனான்.

வென்றார். நானும்தான் போட்டேன்.
மூன்றாம் முறை பிரதி அமைச்சர்.
பேச்சு ஒரே மொழிக்குள் நின்றது.
ஆனால் மாதம் பிறந்தால்
கொழும்பில் இருந்தாலும் சாரதி கையில் சந்தா வரும்.
இரண்டு ரூபாய் ஐம்பதாகியிருந்தது.
ம. செபமாலை, ஏழாம் கேங் என்றே சீட்டெழுதினேன்.
வேறெப்படி எழுத?

துறைமுகக் கூலியை ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த தாளில்
அவர் கையொப்பமும் இருந்தது.
பொடியன்கள் வாயிலை மறித்தார்கள்.
மனு எழுத உட்கார்ந்தேன், வசனம் வரவில்லை.
பழைய கோப்பைத் திறந்து
அவருடைய வசனங்களையே எடுத்து அவருக்கு அனுப்பினேன்.
"கவனத்தில் எடுக்கப்படும்" என்று பதில் வந்தது.
அந்த வரியை உரத்து வாசித்துச் சிரிக்க
எங்களைப் பழக்கியதும் அவர்தான்.

பெயரை வெட்டச் சொன்னது கூட்டம்.
சிவப்புப் பேனையைத் திறந்தேன். மூடினேன்.
நிலுவையில்லாத அங்கத்தவரை நீக்க
விதியில் இடமில்லை என்றேன்.
நல்லவேளை,
ஒருவரும் விதிப்புத்தகத்தைக் கேட்கவில்லை.

போன ஒக்டோபரில் முடிந்தார்.
பெட்டிமேல் கட்சிக்கொடி, ஒழுங்கையடைத்து வாகனங்கள்.
கோயிலில் கடைசி வாங்கில் ஹேமபாலவைக் கண்டேன்;
எப்போது பூசைக்கு எழும்புவது, எப்போது இருப்பதென்று
முன்னாலிருப்பவரைப் பார்த்துப் பார்த்துச் செய்தான்.

முப்பதாம் நாள் கழித்து உறையோடு போனேன்.
திரேசம்மா எண்ணினார்.
நாலாயிரத்துத் தொளாயிரத்து ஐம்பது.
"ஐயாயிரமெல்லோ?"
"ஒக்டோபர் சந்தா வரேல்ல அக்கா. விதி பதினாலு."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்திருந்தார்.
பிறகு சொன்னார்:
"ஆசுப்பத்திரியில கிடந்து
அதைத்தான் கேட்டுக்கொண்டு இருந்தவர்,
ஒண்டாந் திகதி போட்டுதோ எண்டு."

கையொப்பம் வைக்கும் இடத்தைக் காட்டினேன்.