ஞாயிற்றுக்கிழமைக்குள்

புதன்கிழமை பெட்டி வந்தது.
முழங்கால் மட்டும் ஏறுகிற சவாரிச் சப்பாத்து.
கறுப்பு. மூன்று மாதச் சம்பளத்தில் கழிப்பார்களாம்.
தரையில் வைத்தேன்.
நான் உள்ளே இல்லாமலே
நிமிர்ந்து நின்றது.

ஞாயிறு காலை நிலாவெளியில்
ஜெர்மன்காரர் ஆறு பேர்,
முன்குதிரையில் நான்.
"செருப்போட ஏறின காலம் முடிஞ்சுது, தங்கச்சி,
படத்துக்கு வடிவா இருக்கவேணும்"
என்றார் முகாமையாளர் நவ்சாத்.

போட்டேன்.
கணுக்கால் மடிய மறுத்தது.
முழங்காலுக்குப் பின்னால் அதன் விளிம்பு
அறுக்குளா வெட்டுகிற கத்தி.
பாலையூற்றுச் சந்திக்குப் போய்த் திரும்புவதற்குள்
இரண்டு குதியிலும் கொப்புளம்,
ஒன்று உடைந்து மேஸோடு ஒட்டிக்கொண்டது.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.
வாசலின் பூசு.
நனைத்த பேப்பரைத் திணி.
குதிரைலாயத்து ரம்சான் மட்டும் அடித்துச் சொன்னான்:
"சுடுதண்ணியில நனைச்சு, காலிலேயே காயவிடு.
தோல் உன்ர காலைப் பாடமாக்கும்."

சுடுதண்ணீர் என்றால் எங்களுக்குக் கன்னியாதானே.
ஏழு கிணறு, ஏழு சூடு.
வியாழன் பின்னேரம் கக்கத்தில் சப்பாத்தோடு போனேன்.
முப்பத்தோராம் நாள் கழிக்க வந்த குடும்பமொன்று
வாளி வாளியாய்த் தலையில் ஊற்றிக்கொண்டு நின்றது.
காவலாளி சப்பாத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"சப்பாத்தெல்லாம் வெளியில."
"நான் போடேல்லை ஐயா, கொண்டுதான் வந்தனான்."
அவர் சிரிக்கவில்லை.
நாலாம் கிணற்றில் ஒரு போத்தல் அள்ளி
துவாயால் சுற்றி, பஸ் பிடித்து
வீடு வந்து திறந்தால்
வெறும் தண்ணீர்.

கேத்தலை அடுப்பில் வைத்தேன்.
இரவு பத்தரைக்கு, ஈரத் தோலோடு
விறாந்தையில் நடக்கத் தொடங்கினேன்.
சீமெந்துத் தரை.
டக். டக். டக்.
முந்நூறு, முந்நூற்றைம்பது என்று எண்ணியபடி.

மதிலுக்கு அந்தப் பக்கம்
மெற்றில்டா அக்கா வீட்டு றேடியோ நின்றது.
பிறகு வெளிச்சம் அணைந்தது.
குரைத்துக்கொண்டிருந்த நாயின் வாயை
யாரோ பொத்தியதுபோல் இருந்தது.
நான் நடந்தேன்.
நானூறாவது அடியில்தான்
எனக்கே கேட்டது,
என் கால் என்ன சத்தம் போடுகிறதென்று.

நின்றேன். குனிந்து இழுத்தேன். கழரவில்லை.
ஈரத் தோல் கவ்விப் பிடித்திருந்தது.
அப்படியே கதிரையில் இருந்தேன்,
கால் இரண்டையும் நீட்டி, அசைக்காமல்.
இருட்டில் இரண்டு வீடும்
மூச்சைப் பிடித்துக்கொண்டு.

விடிய மதிலுக்கு மேலால் அக்காவின் முகம்.
மா ஆலை வேலைக்கு வெளிக்கிட்டிருந்தா,
தலையில் வலைத்தொப்பி.
கண் நேரே சப்பாத்துக்குப் போனது.
"நீயோடி அது?"
"ஓம் அக்கா."
நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.
"கடிக்குதோ?"
"கடிக்குது."
"இனி இரவைக்கு நடக்கிறதெண்டால்
விசிலடிச்சுக்கொண்டு நட.
அவங்கள் ஒருநாளும் விசிலடிச்சதில்லை."

வெள்ளி இரவு விசிலடித்தேன்.
பாட்டென்று சொல்ல ஏலாது,
கேத்தல் கொதிக்கிற மாதிரி ஒன்று.
மதிலுக்கு அந்தப் பக்கம்
வெளிச்சம் எரிந்தபடியே இருந்தது.
அறுநூறாவது அடியில்
வலது கணுக்காலில் முதல் மடிப்பு விழுந்தது.
"சுருதி பிழை" என்றது மதில்.
சனி இரவும் நடந்தேன்,
கொஞ்சம் சுருதி சேர்த்து.

ஞாயிறு, சில்வா என் காலை மோந்து பார்த்துத் தும்மியது.
(சில்வர் என்றுதான் பெயர்,
நுவரெலியாவில் ஓடிக் களைத்த குதிரை.
கடற்கரைக்கு வந்ததும் சில்வா ஆகிவிட்டது.)
ஈரமணலில் ஆறு பேரும் பின்னால் வந்தார்கள்.
குதிரைமேல் இருக்கும்போது
சப்பாத்துக்குச் சத்தமே இல்லை.
இருந்தும், மீன்வாடிகளைக் கடக்கையில்
வாய் தானாகக் குவிந்தது.

பின்னால் வந்த பெண் கேட்டாள்,
குதிரைக்கா அந்த விசில்?
ஓம், குதிரைக்குத்தான் என்றேன்.

இடது குதி
இன்னும் கடிக்கிறது.