பழைய நம்பர்

போர்டில் எழுதியிருக்கிற நம்பரும் விற்பனைக்குள் அடக்கம்
என்று நொத்தாரிசு வாசித்தபோதுதான்
பேனையைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.
கட்டடம், கொம்பிறசர் இரண்டு, ஜெனரேற்றர்,
நூற்றிப்பதினாறு தகர அச்சு, அரைக்கிற மெசின்,
லொறி.
எல்லாவற்றுக்கும் தலையாட்டியவள்
பத்து இலக்கத்துக்குத் தண்ணீர் கேட்டேன்.

இல்ஹாம் நல்ல பிள்ளை. ஓட்டமாவடியில் மீன் கொம்பனி.
"வேணுமெண்டா நீங்களே வெச்சிக்கங்க" என்றான்.
வைத்திருந்தால்
விடியப்புறம் ரெண்டரைக்குத்
துறைமுகத்திலிருந்து போட்காரன் கூப்பிடுவான்,
"அக்கா, எண்பது பார்" என்பான்,
நான் எழும்பிவிடுவேன்.
கையெழுத்து வைத்தேன்.

எவ்வளவுக்குப் போனது என்று சந்தையில் கேட்டார்கள்,
கோயிலில் கேட்டார்கள்,
பல்லுப் பிடுங்கப் போன இடத்திலும் கேட்டார்கள்.
நாளைக்கு என்ன செய்வாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் வாயில் பஞ்சு.

கைமாற்ற இன்னும் மூன்று மாதம்.
அதற்குள் பழக வேண்டியவை என்று
டயறியின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கி
முதலாவதாக "நித்திரை" என்று போட்டேன்.
இரண்டாவது இன்னும் வரவில்லை.

வங்கியில் ஒரு படிவம்.
பெயர்: சுகிர்தமலர் இராசநாதன்.
முகவரி: வாழைச்சேனை.
தொழில் என்ற கட்டத்தில்
இருபத்தேழு வருசம் தானாக எழுதிய கை
எழுதாமல் நின்றது.
"வீட்டுப்பணி எண்டு போடுங்க அன்ரி"
என்றாள் மேசைக்கு அந்தப்பக்கத்துப் பிள்ளை.
எந்த வீட்டில்?

வீடு அவருடையது.
தபால் கந்தோரிலிருந்து ஓய்வு பெற்ற ஆறு வருசத்தில்
என் புருசன் பகலைத் தன் பேருக்கு எழுதிக்கொண்டார்.
எட்டுக்குச் செவ்வரத்தைக்குத் தண்ணீர்,
பத்துக்கு ரேடியோ, பிறகு மீன் வெட்டுவது,
மத்தியானம் யன்னலோரக் கட்டில்,
மூன்றரைக்கு நிமலரூபனோடு தாம் விளையாட்டு.
ஒரு திங்கட்கிழமை
ஒத்திகைக்கு நான் வீட்டில் நின்றேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
நான் நகர்த்திய உப்புப் போத்தலை
அது இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்,
மூன்று தரம்.
நாலாம் தரம்,
"இண்டைக்கு ஐஸ் கொம்பனி பூட்டா?" என்றார்.

பதினாலு பேரை வைத்து வேலை வாங்கினவள்
இந்த அடுப்படியில் ஒரு வேலைக்கு
விண்ணப்பம் போட வேண்டியிருந்தது.
இரவு பேசித் தீர்த்தோம், வேலித் தகராறு மாதிரி:
மீன் வெட்டுவது அவர்,
கட்டில் ஒருநாள் விட்டு ஒருநாள்,
ரேடியோவில் கை வைக்கக் கூடாது.

பாசிக்குடா பக்கத்தில்தான்.
அங்குள்ள ஹோட்டல்களுக்கு ஐஸ் பில் எழுதியிருக்கிறேன்,
தண்ணீரில் நின்றதில்லை.
ஒரு புதன்கிழமை சேலையைத் தூக்கிச் செருகி இறங்கினேன்.
எவ்வளவு தூரம் போனாலும் முழங்கால் மட்டும்.
சூடு.
தண்ணீர் இப்படியும் இருக்குமா என்று
குனிந்து வலக்கையை வைத்துப் பார்த்தேன்.
மரத்துப்போன சுண்டுவிரலுக்கு ஒன்றும் தெரியவில்லை.
மற்ற நாலுக்கும் தெரிந்தது.

கைமாறிப் பதினொரு நாள்.
புது நம்பர் ஏழு பேரிடம் இருக்கிறது,
ஒருவர் பக்கத்தில் படுத்திருப்பவர்.
இதுவரை வந்தது மூன்று அழைப்பு.
மூன்றும் போன் கொம்பனியின் பதிவுக்குரல்.
முடியும்வரை கேட்டேன்.

நேற்று விடியப்புறம் கரண்ட் போனது.
செருப்புப் போட்டாயிற்று,
டோர்ச் ஒரு கையில், கொளுக்கியில் மற்றக் கை,
அப்போதுதான் நினைவு வந்தது.
இரண்டு ஒழுங்கை தாண்டி
ஜெனரேற்றர் இன்னும் சத்தம் போடவில்லை.
சாவி இருக்கிற இடம் நளீமுக்குத் தெரியும்.
டீசல் இருக்கிறது.
எண்ணிக்கொண்டு நின்றேன்.
"நாலு நிமிசத்தில ஐஸ் உருகாது"
என்றார் இருட்டுக்குள்ளிருந்து அவர்.
உருகாது. எனக்குத் தெரியாதா?

இரண்டுதரம் இருமிவிட்டுப் பிடித்தது.
சோக்கை இழுக்காமல் அடிக்கிறான்.
யாரிடம் சொல்ல?
செருப்போடேயே போய்ப் படுத்தேன்.