வெட்டு ஒன்று

வீடுகளில் உரித்தெடுத்த பழைய பாய்கள் என் சரக்கு.
மேசைக்கால் பதிந்த நாலு குழி,
சிகரெட் சுட்ட ஒற்றைக் கண்,
யாரோ நெடுநாள் படுத்துக் கிடந்த மங்கல்.
யட்சுஷிரோவில் கோரை விளைகிறது.
புதிதை விரிப்பவர்கள் விரிக்கிறார்கள்,
தேய்ந்ததை நான் சுருட்டுகிறேன்,
வாள்காரர்கள் வெட்டுகிறார்கள்.

இலையுதிர்கால விழாவுக்கு இரண்டு ஆர்டர்.

ஷிராஹாமா கேட்டது ஏழு சுருள்.
பாதிப் பாய் போதும், மூன்று நாள் ஊறட்டும் என்றான்.
மூன்று நாள் ஊறிய பாதிப் பாயை
என் மனைவி ரொட்டிக் கத்தியால் நறுக்கிவிடுவாள்.
அதை நான் சொல்லவில்லை.
முன்பணம் வந்திருந்தது.

நுகாதா என்ற பெண் கேட்டது ஒன்றே ஒன்று:
இரண்டு முழுப் பாய், நடுவில் பச்சை மூங்கில்,
ஓர் இரவு நீர்.
பல் செய்யும் கூடத்தில் வேலையாம்,
அளவுகளை மில்லிமீட்டரில் சொன்னாள்.

எட்டும் எங்கள் குளியல் தொட்டியில் ஊறின.
நாங்கள் தெருக்கோடிப் பொதுக் குளியலுக்குப் போய்வந்தோம்.

விழா. முரசு. புகை இயந்திரம்.
அவன் வாளின் முதுகோரம் பள்ளம் ஓடுகிறது,
சும்மா வீசினாலே சீழ்க்கை அடிக்கும்.
வெட்டும் முன்பே கூட்டம் மூச்சைப் பிடித்தது.
சுழன்றான். மண்டியிட்டான். கண்ணைக் கட்டிக்கொண்டான்.
ஏழும் விழுந்தன,
தெறித்த துளிகளிலெல்லாம் விளக்கின் நிறம்.
இல்லாத ரத்தத்தை உதறி உறையில் போட்டபோது
நானும் கைதட்டினேன், பொய் சொல்வானேன்,
உள்ளங்கை சிவக்கச் சிவக்க.

அடுத்து அவள்.
அறிவிப்பாளர் பெயரைத் தப்பாக வாசித்தார்.
நடந்தாள், நின்றாள்,
வலது தோளிலிருந்து ஒரே முறை இறக்கினாள்.

வெட்டு ஒன்று.
துண்டும் ஒன்றே.
மூங்கிலுக்குள் வாள் நின்றுவிட்டது.

ஒரு பையன் சிரித்தான். அப்புறம் பலர்.
அவள் வந்த வழியே வாளை உருவினாள்,
வளைந்திருக்கிறதா என்று
முதுகோடு ஒற்றைக் கண்ணை ஓட்டினாள்,
துடைத்தாள், வணங்கினாள், இறங்கினாள்.

குப்பை அள்ளுவதும் என் கூலியில் சேர்த்தி.
அவன் துண்டுகளைப் புரட்டினேன்.
கரண்டியால் அள்ளிய டோஃபு போல
வெட்டுமுகம் குழிந்திருந்தது.
உள்ளே நுழைந்த வாள் வழி தவறி,
யாரையோ விசாரித்து
வெளியே வந்திருக்கிறது.
ஓரமெல்லாம் பிய்ந்த நார், நாலு நாள் தாடி.

அவளுடையதை ஒட்டியிருந்த இடத்தில் ஒடித்தேன்.
கிண்ணத்து நீரின் மட்டம்.
விரல் ஓட்டினால் பாய் எங்கே முடிந்தது,
மூங்கில் எங்கே தொடங்கிற்று,
தெரியவில்லை.

"கொஞ்சம் கொடுங்கள்."
பின்னால் நின்றிருந்தாள்,
ஒரு கையில் சுட்ட மக்காச்சோளம்.
கண்ணால் பார்க்கவே இல்லை.
கட்டைவிரல் தடவிக்கொண்டே போய்
மூங்கிலின் மறுசுவருக்குச் சற்று முன்னால் நின்றது.
"இங்கே. இடது கை பயந்துவிட்டது."

எனக்கு அங்கே ஒன்றும் தட்டுப்படவில்லை.
கண்ணாடி மாட்டியும் பார்த்தேன்.

எப்போது தெரிந்தது என்று கேட்டேன்.
"நிற்பதற்கு முன்பே" என்றாள்,
வாய் நிறையச் சோளத்தோடு.

இந்த ஆண்டு ஆர்டர்கள் வந்துவிட்டன.
ஷிராஹாமாவுக்குப் பன்னிரண்டு, பாதிப் பாய்தான்.
நீரில் சிவப்புச் சாயம் கலக்க முடியுமா என்கிறான்.
முடியும். தொட்டி தேய்க்கத் தனிக் காசு.

அவளிடமிருந்து ஓர் அஞ்சலட்டை:
அதே இரண்டு பாய்.
பாதி இரவு நீர் போதும்.
மூங்கில் மட்டும் இன்னும் தடித்ததாக,
சுவர் எட்டு மில்லிமீட்டர்.
எட்டின் கீழே அடிக்கோடு,
அளவுகோல் வைத்து.