மூடாமல் வைத்த பிழை

இரண்டு வருடம் கழித்துப் போனபோது
என் பழைய கடவுச்சொல்லைக் கணினி மறுத்தது.
தெல்கெர்மா புதிது போட்டுத் தந்தாள்.
பட்டியலில் என் பெயர் இன்னும் இருந்தது,
அதன் எதிரே ஒரே ஒரு வரி:
பிழை 612. உறுதிசெய்யும் பொத்தான்
சில நேரம் வேலை செய்வதில்லை.
நிலை: திறந்திருக்கிறது.

ஏன் யாரும் மூடவில்லை?

"மூடச் சொன்னார்கள், காலாண்டுக்கு ஒருமுறை.
பொறுப்பாளர் பிரசவ விடுப்பில் என்று எழுதிவைத்தேன்.
எதிரே வேலை இல்லாத பெயரை
அழிப்பது சுலபம்" என்றாள்,
பால்தேநீரில் உப்பைக் கலக்கிக்கொண்டே.

மாலை ஐந்து மணி. காப்பகம் ஐந்தரைக்குப் பூட்டிவிடும்.
நான் எழுந்தேன்; யாரோ கடிகாரத்தைப் பார்த்தார்கள்.
நாற்காலி தரையில் கிறீச்சிட
தெல்கெர்மாவும் எழுந்தாள்.
அவளுக்குப் பிள்ளை இல்லை.
பேருந்தும் ஆறரைக்குத்தான்.

அலுவலகத்தில் 612 ஒருநாளும் நிகழ்ந்ததில்லை.
உள்ளே இருபத்திரண்டு டிகிரி,
சன்னலடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது.
அதனால் சிங்கெல்தெய் மேட்டுக்கு ஏறினேன்,
உலான்பாதரின் புகையெல்லாம் கீழே படுத்திருந்த காலையில்.

துல்மா நிலக்கரிக்கட்டி வாங்குவது எங்கள் செயலியில்.
அவள் கூடாரத்துக்குள் சிக்னல் கிடையாது,
வேலியோரம் போய் நிற்க வேண்டும்.
கையுறையைப் பல்லால் உருவினாள்.
அழுத்துவதற்குள் திரை அணைந்தது.
விரலை அக்குளில் வைத்துச் சூடேற்றி
மறுபடி. மறுபடி.
என் தாளில் ஏழு கேள்விகள்.
முதலாவதைக் கேட்டேன்: செயலி எளிதாக இருக்கிறதா?
"எளிதுதான் அம்மா, குளிர்தான் கஷ்டம்."

மீதி ஆறைக் கேட்கவில்லை.
பொத்தானை யார் குறை சொல்கிறார்கள்?
குளிரைச் சொல்வார்கள், வயதைச் சொல்வார்கள்,
இல்லையென்றால் தன் விரலை.

கூட்டத்தில் கன்துல்கா எண்களைக் காட்டினான்:
தொண்ணூற்றாறு சதவீதம் வெற்றி,
மிச்சம் நாலு, பயனாளர் தவறு.
நான் மேலங்கியை எடுத்தேன்.
"மிச்சத்தை வெளியே பேசலாம்."
முதலில் தொப்பி மாட்டியவள் தெல்கெர்மா.

பேருந்து நிறுத்தம். பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
ஆளுக்கு ஒரு மூட்டை வாங்குங்கள் என்றேன்.
ஒரு பேருந்து வந்தது, போனது.
கன்துல்காவின் பற்களுக்கிடையே
அவன் கையுறை
ஆட்டுக்காது மாதிரி தொங்கியது.
ஒருவரும் சிரிக்கவில்லை. உதடு வரவில்லை.

ஒன்பது நாள் வேலை.
தொலைபேசியின் ஓரத்து ஒலிப்பொத்தானை
கையுறையோடே இரண்டு நொடி அழுத்தினால் போதும்,
போன வாரத்து மூட்டையே மறுபடி வரும்.
அறிக்கையில் "கண்டறியப்பட்டது" என்று எழுதினான் கன்துல்கா.
யாரால், என்று மட்டும் கேட்டாள் தெல்கெர்மா.
அழித்துவிட்டு என் பெயரை எழுதினான்.
எழுத்துப்பிழையோடு.

612-ஐ மூடும் இரவில்தான் உறைத்தது.
எனக்காகத் திறந்துவைத்த அந்தப் பிழையில்
இரண்டு குளிர்காலம் நின்றவள் துல்மா.
தெல்கெர்மாவிடம் சொன்னேன்.
வெகுநேரம் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அன்றைக்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை" என்றாள்.
எனக்கும் தெரிந்திருக்காது.

மறுவாரம் துல்மாவின் அழைப்பு:
"பைக்குள்ளேயே அழுந்தி நாலு மூட்டை வந்துவிட்டது.
மூன்றைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்."
பிழை 988. அன்றிரவே சரிசெய்தேன்,
மகன் தோளில் தூங்க, ஒரு கையால்.

நோமினுக்கு மார்ச்சில் பிரசவம்.
அவள் பெயருக்கு எதிரே எதை வைப்பது?
பிழை வேண்டாம்.
யாரையும் வேலியோரம் நிறுத்தாத ஒன்று வேண்டும்.
யோசித்து, நாள்காட்டியில் எழுதினேன்:
அடுத்த வருடம், அக்டோபர், முதல் பனிக்கு முன்.
சிங்கெல்தெய் மேடு, துல்மாவின் வீடு.
போகிறவர்: நோமின்.
கேள்விகளை அவளே எழுதிக்கொள்வாள்.