கடைசி வண்டி

ஓசூர் ரிங் ரோட்டு பெட்ரோல் பங்கில்
ஐந்தரை மணிக்குச் சீட்டுக் குலுக்கினார்கள்.
எனக்கு ஏழு.
ஏழாவது வண்டிக்கு வாக்கிடாக்கி உண்டு,
மண்வெட்டி உண்டு, இழுவைக் கயிறு உண்டு,
வீடியோவில் இடம் மட்டும் கிடையாது.
"எல்லாரும் வராங்களான்னு பாத்துக்கிறதுதான்
உங்க வேலை, சுகுணா மேடம்" என்றார் திம்மராஜ்.
வாரத்தில் ஆறு நாள் பல் மருத்துவர்.
ஞாயிறன்று தளபதி.

அஞ்செட்டி வரை தார் ரோடு.
அதுவரை நாங்களும் மற்றவர்களைப் போலத்தான்
வேகத்தடைக்கு பிரேக் போட்டுப் போனோம்.
செக்போஸ்டில் வனக்காவலர்
அனுமதிக் கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.
"இந்தப் பாதையில எதுக்கு சார் போறீங்க?"
"சும்மாதான்."
நோட்டில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது.
அவர் என்ன எழுதினாரோ.
கட்டை மேலே போனது.

மூன்று நாள் மழை குடித்த செம்மண்,
களி கிண்டும் துடுப்பு நட்டுக்க நிற்குமே
அந்தப் பதம்.
முதல் வண்டி போனபோது கோடு விழுந்தது.
இரண்டாவதுக்கு வாய்க்கால்.
ஒவ்வொன்று ஏறிக் கடந்ததும் அக்கரையில்
விசில், கைதட்டல்.
எனக்கு வந்து சேர்ந்தது
ஆறு பேருடைய வெற்றி,
முழங்கால் ஆழத்தில்.

நான்கு சக்கரமும் சுற்றின.
வண்டி வயிற்றால் படுத்துக்கொண்டது.
இஞ்சினை அணைத்தேன்.
மூங்கிலோடு மூங்கில் உரசும் சத்தம்
அவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறது.
"ஏழு, ஏழு, எங்க இருக்கீங்க?"
ரோட்டுக்குள்ள இருக்கேன் என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை. சிக்னல் இல்லை.

அப்போதுதான் எதிரில் ஒரு எக்ஸ்எல்.
இரண்டு பக்கமும் பால் கேன்.
அந்த ஆள் என்னைப் பார்க்கவில்லை,
வண்டியைப் பார்க்கவில்லை,
பாதையைப் பார்த்தார்.
"நேத்து சாயந்திரம் வரைக்கும்
இங்க ஒரு ரோடு இருந்துச்சும்மா."
கோபமாகச் சொல்லியிருந்தால்
பதில் சொல்லியிருப்பேன்.

கேன்களை அவிழ்த்து
ஒவ்வொன்றாய் உண்ணிச்செடிக்குள் சுமந்து வந்து
இந்தப் பக்கம் வைத்தார்.
பிறகு எக்ஸ்எல்லை, ஒரு அடம்பிடிக்கும் கன்றைப் போல,
நெட்டித் தள்ளிக்கொண்டு வந்தார்.
எட்டு மணிக்கு சொசைட்டியில்
எடை போடுவதை நிறுத்திவிடுவார்களாம்.
அதற்குள் ஆறாவது வண்டி பின்னால் வந்து
வின்ச்சில் என்னை இழுக்க,
நான் வந்தேன். முன் பம்பர் வரவில்லை,
பாதி தொங்கியது.
அவர் ஒன்றும் கேட்காமல்
சைக்கிள் ட்யூப் பட்டை ஒன்றால்
அதை இறுக்கிக் கட்டினார்.
பெயர் கேட்டேன்.
"சீங்கப்பன்" என்று சொல்லும்போதே உதைத்துக் கிளம்பிவிட்டார்.

நான் முன்னால் போகவில்லை.
ஓடையில் கல் பொறுக்கிப் பள்ளத்தில் போட்டேன்.
போட்ட கல்லை மண் விழுங்கியது.
மறுபடி போட்டேன்.
எனக்கு ரோடு போடத் தெரியாது;
கம்பெனியில் சம்பளப் பட்டியல் போடுகிறேன்.
தூரத்தில் ஹாரன்கள்.
பிரியாணி ஆறுகிறது என்றது வாக்கிடாக்கி.
கல் நின்றதா என்று இன்றுவரை தெரியாது.

திங்கட்கிழமை வாட்டர் வாஷில்
மண் சிவப்பாய் ஓடி சாக்கடை அடைத்தது.
"கிளிப் மாத்தணும்க்கா, ஆயிரத்து எண்ணூறு ஆகும்,
இந்த ட்யூபை அறுத்துடட்டுமா?" என்றான் பையன்.
வேண்டாம் என்றேன்.

கேன் இரண்டு,
பட்டையும் இரண்டுதான் இருந்திருக்கும்.
மேட்டில் ஏறும்போது
ஒரு கேனை அவர்
எதால் கட்டியிருந்தார் என்று
நான் பார்க்கவில்லை.