நண்டு வளை

கோரையாற்றுத் தலைப்பில்
ஒன்பது ஷட்டருக்கும் சாவி என்னிடம்.
முறை வைத்துத் திறப்பேன்
முறை வைத்து அடைப்பேன்.
லஸ்கர் வேலையென்றால்
ஊரார் வசவையும் சம்பளத்தோடு வாங்கிக்கொள்வது.

சீட்டாட்டத்தை முடக்கியாயிற்று என்று
டீக்கடை டிவி சொன்ன ராத்திரி
பக்கிரிசாமி மோட்டார் கொட்டகையில்
ஆடிக்கொண்டுதான் இருந்தான்.
சங்கத்தில் கஸ்தூரியின் வளையலை வைத்து
குறுவைக்கு வாங்கிய நாற்பதாயிரம்.

உரக்கடை ரெங்கராஜ் புதிதாக ஒன்றை
அவன் போனிலும் என் போனிலும் ஏற்றிக் கொடுத்தான்.
"இதுக்குக் கம்பெனி கெடையாது மாமா.
சர்வர்னு ஒரு எடம் இருந்தாத்தானே பூட்டுவான்?
ஆடுறவன் போன்லயெல்லாம்
துண்டு துண்டாக் கெடக்கு.
ஒண்ணை அடைச்சா இன்னொண்ணு வழிவிடும்."

எனக்கு உடனே புரிந்தது.
பலகை இறக்கி, சாக்குத் திணித்து,
களிமண் அப்பி, மிதித்து,
நிமிர்ந்து பார்த்தால்
கரைக்கு அந்தப்பக்கம்
கெண்டைக்கால் நனையத் தண்ணீர் நிற்கும்.
நண்டுக்கு எந்த இன்ஜினியர்
உத்தரவு எழுதினான்?

நான் ரெண்டே ரெண்டு ஆட்டம்.
இருநூறு போனது. மூடி வைத்தேன்.
மூடினால் மூடியதுதான் என்று நினைக்கிறவன் நான்.

மேட்டூர் திறந்து
தண்ணீர் வந்து சேர்ந்தபோது
பக்கிரிசாமி ஊரில் இல்லை.
பறிக்க ஆளின்றி
நாற்றங்காலில் நாற்று முற்றி
மஞ்சள் கட்டிவிட்டது.
கஸ்தூரி எழுதிக்கொடுத்த மனுவோடு
திருவாரூரிலிருந்து வந்தார்
சைபர் எஸ்.ஐ. ஜெசிந்தா.

என் போனை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.
"நீங்க தூங்குறப்ப இது தூங்கலீங்க.
போன மாசம் மட்டும்
நானூத்திச் சொச்சம் ஆட்டம்
இது வழியாப் போயிருக்கு."

அதில் பக்கிரிசாமி ஆட்டமும் உண்டா என்றேன்.
"பேரு இருக்காது. நம்பர்தான்.
அதுவும் தெனம் மாறும்."
ஆட்டத்தை நடத்துகிறவன் யாரென்றேன்.
ஷட்டர் சக்கரத்தில் கைவைத்து நின்றவர்
கிரீஸ் பட்ட விரலைத் துடைக்க
எதையோ தேடினார்.
என் துண்டைக் கொடுத்தேன்.

எடுத்துடுங்க என்று சொல்லிப் போனார்.
எடுத்துவிட்டேன் என்றுதான்
கஸ்தூரியிடமும் சொல்லியிருக்கிறேன்.

ராத்திரி ரெண்டாம் முறை அடைத்துவிட்டு
ஷட்டர் மேடையில் உட்கார்ந்து திறக்கிறேன்.
ஆடுவதில்லை, சத்தியமாக.
யார் யார் விழித்திருக்கிறார்கள் என்று
பச்சைப் புள்ளிகள் காட்டும்.
இன்றைக்கு முப்பத்தோரு பேர்.
நேற்று இருபத்தெட்டு.
திருப்பூரோ, கேரளாவோ,
எங்கிருந்தாலும்
அதில் ஒரு புள்ளி அவனாக இருக்கலாம்.

கீழே, அடைத்த பலகைக்கு அடியில்
தண்ணீர் சிணுங்குகிறது.
காலையில் மண் போட வேண்டும்.